குதிரையின் குளம்பில் சீழ்: அவசரத்தில் செய்யும் தவறுகள்

நேற்று மாலை வரை ஒழுங்காக நடந்த குதிரை, விடிந்து பார்த்தால் ஒரு காலைத் தரையில் ஊன்றவே மறுக்கிறது. எலும்பு முறிந்துவிட்டதோ என்று வயிற்றைக் கலக்கும். ஆனால் ஒரே இரவில் வரும் இப்படிப்பட்ட கடும் நொண்டலுக்கு மிகப் பெரும்பாலும் காரணம் குளம்புக்குள் கட்டிய சீழ்தான். முறையாகப் பார்த்தால் இரண்டொரு வாரத்தில் தீரக்கூடிய நோய் இது. அதை மாதக்கணக்கில் இழுக்க வைப்பது நம் அவசரம்.

குளம்பின் சுவர் நம் நகத்தைப் போன்ற கெட்டியான பொருள். நகச்சுத்து வந்தவருக்கு அந்த விண்விண் என்ற தெறிப்பு மறக்காது. அங்காவது சதை வீங்க இடம் உண்டு. குளம்புக்குள் அதுவும் இல்லை. நாலு சொட்டுச் சீழ் சேர்ந்தாலே அழுத்தம் தாங்க முடியாததாகிவிடும். உடல் எடையில் ஏறக்குறைய 60 சதவீதத்தை முன்கால்கள் சுமப்பதால், தொல்லையும் பெரும்பாலும் முன்னங்குளம்பில்தான்.

கொடைக்கானல் ஏரிச்சாலையிலும் மெரினா மணலிலும் சவாரிக்கு நிற்கும் குதிரைகளுக்கு ஐப்பசி, கார்த்திகை மாதங்கள் கெட்ட காலம். மழையில் ஊறி மெத்தென்றான குளம்பு, வெயில் அடித்ததும் காய்ந்து விரிசல் விடுகிறது. சுவரும் அடிப்பாகமும் சேரும் இடத்தில் வெளிறிய கோடு ஒன்று ஓடும். அந்தக் கோட்டில் விழும் சிறு இடைவெளி வழியாகச் சேறும் கிருமியும் உள்ளே ஏறுகின்றன. சவாரிக்குப் பின் குளம்பைக் கொக்கியால் சுத்தம் செய்யாமல் விடுவது, லாடத்தை மாற்றாமல் மாதக்கணக்கில் ஓட்டுவது, உயிருள்ள சதைக்கு மிக அருகில் ஆணி இறங்குவது ஆகியவையும் காரணங்கள். ஆணி சதையில் குத்தினால் குதிரை உடனே உதறும். சதையை ஒட்டி அழுத்தினால் அப்போதைக்கு எதுவும் தெரியாது. சில நாள் கழித்துத்தான் நொண்டும். லாடம் அடித்த வாரத்தில் நொண்டினால் முதல் சந்தேகம் ஆணி மேல் விழ வேண்டும்.

முதல் தவறு, குளம்பை விட்டுவிட்டு மேலே தேடுவது. தோள் பிசகிவிட்டது என்று எண்ணெய் தேய்த்து நீவுகிறார்கள்; சூடு இழுக்கிறவர்களும் உண்டு. அந்த வாயில்லா ஜீவனுக்கு வலி ஓரிடம், தண்டனை வேறிடம். தோளைத் தொடும் முன் கீழே குனியுங்கள். கணுமூட்டின் பின்புறம் இரு பக்கமும் விரலை மெதுவாக வைத்தால் குளம்புக்குப் போகும் நாடி தட்டுப்படும். நலமான காலில் அதைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும். சீழ் கட்டிய காலில் விரலைத் தள்ளுவதுபோலத் துடிக்கும். பிறகு இரண்டு குளம்பையும் உள்ளங்கையால் தொட்டு எது சுடுகிறது என்று ஒப்பிடுங்கள். லாடம் அடிப்பவரிடமும் மருத்துவரிடமும் குளம்பை அழுத்திப் பார்க்கும் பெரிய இடுக்கி இருக்கும். அது சீழுள்ள இடத்தைத் தொட்டதும் குதிரை காலைப் பறித்துக்கொள்ளும்.

இரண்டாவது தவறுதான் என்னை மிகவும் வருத்துவது: வலி ஊசி போட்டு மறுநாளே சவாரிக்குக் கொண்டுபோவது. சீசன் நேரத்தில் ஒரு நாள் வருமானம் எவ்வளவு பெரிது என்பது எனக்குத் தெரியும். ஆனால் வலி குறைந்ததும் குதிரை அந்தக் காலில் முழு எடையையும் போடுகிறது. வெளியேற வழியில்லாத சீழ், உள்ளே சதையைச் சுவரிலிருந்து பிரித்துக்கொண்டு மேலே ஏறுகிறது. அடியிலேயே திறந்துவிட்டால் சில நாளில் ஆறியிருக்க வேண்டியது, ஒன்றிரண்டு வாரம் கழித்து குளம்பும் மயிரும் சேரும் விளிம்பில் உடைத்துக்கொண்டு வருகிறது. வலிமருந்தே கூடாது என்று நான் சொல்லவில்லை. மருத்துவர் கொடுத்தால் கொடுக்கலாம், கூடவே முழு ஓய்வும் வேண்டும். மனிதர்களுக்கான டைக்ளோஃபினாக்கை வாங்கிப் போடுவது கூடவே கூடாது. கால்நடைகளுக்கு அதைப் பயன்படுத்துவதை இந்தியா 2006இல் தடை செய்தது; கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் என்ற வலிமருந்துகளும் 2023இல் தடைப் பட்டியலில் சேர்ந்தன. இந்த மருந்துகள் ஏறிய கால்நடையின் பிணத்தைத் தின்னும் பாறு கழுகுகள் சிறுநீரகம் கெட்டுச் சாகின்றன. நீலகிரிப் பக்கம் மாயாற்றுப் பள்ளத்தாக்கில் மிஞ்சியிருக்கும் கழுகுகளை நினைத்தாவது இதைத் தவிர்க்க வேண்டும்.

அடுத்தது கத்தி. சீழ் இருக்கிறது என்று தெரிந்ததும் அடிப்பாகத்தைக் குடைந்து ரூபாய் நாணயம் அளவுக்குப் பள்ளம் போட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். பள்ளம் பெரிதானால் உள்ளிருக்கும் மெல்லிய சதை பிதுங்கிக்கொண்டு வரும். பிறகு சீழை விட அந்தப் புண்ணே பெரிய தொல்லையாகும். கை தேர்ந்தவர் செய்வதைப் பாருங்கள். குளம்பைக் கழுவித் துடைத்து, மேல் அழுக்கை மட்டும் சீவுகிறார். வெளிறிய கோட்டில் மிளகளவு ஒரு கறுப்புப் புள்ளி. அதைப் பின்தொடர்ந்து, ஒவ்வொரு சீவலுக்கும் நிறுத்திப் பார்த்துப் பார்த்துக் கத்தியை இறக்குகிறார். திடீரென்று சாம்பலும் கறுப்புமாக நீர்த்த சீழ் கொப்பளிக்கிறது. நாற்றம் மூக்கைத் துளைக்கிறது. அங்கேயே கத்தி நின்றுவிடுகிறது. வடிய வழி கிடைத்தால் போதும். ரத்தம் வந்தால் எல்லை தாண்டியாயிற்று என்று பொருள். புள்ளி தெரியாவிட்டால் குத்துமதிப்பாக வெட்டக் கூடாது. ஒத்தடம் போட்டு ஒரு நாள் காத்திருந்தால் குளம்பு இளகி இடம் தானே காட்டும்.

இங்கே ஒரு விதிவிலக்கு உண்டு, அதில் தவறினால் குதிரையே போய்விடலாம். குளம்படியின் நடுவே முக்கோணமாக, ரப்பர்போல மெத்தென்ற பகுதி இருக்கிறதே, அதிலோ அதன் ஓரப் பள்ளத்திலோ ஆணியோ கம்பியோ ஏறியிருந்தால் சட்டென்று பிடுங்காதீர்கள். அதற்கு மேலேதான் தசைநாணும் மூட்டும் இருக்கின்றன. ஆணி அதே இடத்தில் இருக்கும்போது எக்ஸ்ரே எடுத்தால்தான் எது வரை போயிருக்கிறது என்று தெரியும். மேலும் உள்ளே இறங்காதபடி ஆணியின் இரு பக்கமும் மரக்கட்டை வைத்துக் கட்டி, குதிரையை நடக்கவிடாமல் உடனே மருத்துவரை அழையுங்கள். தமிழ்நாட்டில் கால்நடை அவசர ஊர்திக்கு 1962 என்ற எண் இருக்கிறது. சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. பிடுங்கியே ஆக வேண்டிய நிலை என்றால், எந்த இடம், எவ்வளவு ஆழம், எந்தச் சாய்வு என்று படம் எடுத்து, ஆணியையும் பத்திரப்படுத்துங்கள்.

ஒத்தடத்துக்குக் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர், அதில் தாராளமாக எப்சம் உப்பு. நாளுக்கு ஒன்றிரண்டு முறை, 15 முதல் 20 நிமிடம் குளம்பை அதில் ஊறவைத்தால் போதும். நாள் முழுக்க ஊறவைத்தால் குளம்பு நொதநொதத்துப் புது விரிசலுக்கு வழி செய்யும். குளம்பில் போடும் ஈரமான கட்டு மூன்று நாளுக்கு மேல் வேண்டாம். கட்டுக்குக் குழந்தைகளின் டயப்பர் அருமையாகப் பொருந்தும்; மேலே துணிச்சுருள், அதற்கு மேல் கெட்டியான டேப். அந்த டேப்பை மயிர் விளிம்புக்கு மேல் ஏற்றி இறுக்குவது பலர் செய்யும் பிழை. ரத்த ஓட்டம் தடைப்பட்டு அங்கே புண்ணாகிவிடும். துளையில் சாணம் அப்புவதும் மயில்துத்தம் திணிப்பதும் வேண்டவே வேண்டாம். மயில்துத்தம் உயிருள்ள சதையை எரிக்கும். சாணத்திலும் மண்ணிலும் டெட்டனஸ் கிருமி உண்டு. குதிரைக்கு அந்த நோய் மற்ற கால்நடைகளை விட எளிதில் வரும், வந்தால் பெரும்பாலும் பிழைப்பதில்லை. தடுப்பூசி போட்டு ஆறு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தால், அல்லது போட்ட நினைவே இல்லையென்றால், அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஆன்டிபயாட்டிக் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால், மூடிய குளம்புக்குள் தேங்கிய சீழை அது கரைக்காது. வீக்கம் காலில் மேலேறினாலோ காய்ச்சல் 38.5 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலோ அது தேவைப்படலாம். அதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

சீழ் வடிந்தால் ஒரு நாளுக்குள் நடையில் மாற்றம் தெரிய வேண்டும். இரண்டு நாளாகியும் தெரியாவிட்டால் நாம் நினைத்த நோய் அதுவாக இல்லாமலும் இருக்கலாம். இரண்டு முன்கால்களும் சுட்டு, குதிரை எடையைப் பின்னுக்குத் தள்ளி நின்றால் அது குளம்புக்குள் பரவிய அழற்சி, வேறு மருத்துவம். ஒரே குளம்பில் திரும்பத் திரும்பச் சீழ் வந்தாலும் எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும்.

நொண்டல் நின்றதும் லாடம் அடித்து ஏரிச்சாலைக்கு ஓட்டிச் செல்வது கடைசித் தவறு. துளை காய்ந்து, உள்ளே கெட்டியான தோல் போர்த்திய பிறகே லாடம். அதுவரை உலர்ந்த கட்டு, உலர்ந்த தரை. சீழ் விளிம்பில் உடைத்திருந்தால் அங்கே விழுந்த கீறல், குளம்பு மாதத்துக்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் வளர வளரக் கீழே இறங்கி வரும். தரையைத் தொட எட்டு மாதம் முதல் ஓராண்டு வரை ஆகலாம். லாடம் அடிப்பவர் மாறினாலும் அந்த இடத்தைக் காட்டி, அங்கே ஆணி இறக்க வேண்டாம் என்று ஒவ்வொரு முறையும் சொல்லிவிடுங்கள்.