"ஹல் த்ரே" மூன்றரை அல்ல: ஸ்கண்டிநேவியாவுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

நோர்வே, சுவீடன், டென்மார்க் மூன்றிலும் வந்த முதல் வாரத்திலேயே காதில் விழும் சொல் "ஹல்". அரை என்று பொருள். எழுதும்போது இறுதியில் 'வி' எழுத்து உண்டு. சுவீடன்காரர் அதையும் சேர்த்து "ஹல்வ்" என்பார்கள். நோர்வேயிலும் டென்மார்க்கிலும் அந்த எழுத்து வாயில் வராது. மொழி வகுப்பில் ஒரே நாளில் கடந்துவிடும் சொல்தான். ஆனால் புதிதாக வந்தவர்கள் வைத்தியரிடம் நேரம் தவறுவதற்கும், தொலைபேசி இலக்கத்தைப் பிழையாக எழுதுவதற்கும் இதுவும் ஒரு காரணம்.

நோர்வேயில் ஒரு வரவேற்பாளர் "ஹல் த்ரே" என்று நேரம் கொடுக்கிறார். த்ரே என்றால் மூன்று என்பது தெரிந்தவர் மூன்றரைக்குப் போய் நிற்பார். கொடுத்த நேரம் இரண்டரை. தமிழில் மூன்று முடிந்து அதன்மேல் அரை ஏறினால் மூன்றரை. இங்கே இரண்டு முடிந்து, மூன்றாவது மணியில் பாதி ஓடியிருக்கிறது என்று கணக்கு. லண்டனில் இருந்துவிட்டு வருபவர்களுக்குச் சிக்கல் இன்னும் கூட. அங்கே பேச்சுவழக்கில் "ஹாஃப் த்ரீ" என்றால் மூன்றரைதான். சொல்லும் எண்ணும் ஒன்றுபோல ஒலித்து, நேரம் மட்டும் ஒரு மணித்தியாலம் விலகும்.

கேட்ட எண்ணில் ஒன்றைக் கழித்துவிட்டு அரையைச் சேருங்கள். ஹல் எட் என்றால் பன்னிரண்டரை, ஹல் தூ என்றால் ஒன்றரை, ஹல் தோல் என்றால் பதினொன்றரை.

இது இன்றைய பேச்சில் முளைத்த விசித்திரம் இல்லை. இந்த மொழிகளுக்கு மூதாதையான பழைய நோர்ஸ் மொழியில் "ஹால்ஃப்ர்" என்று இருந்த சொல்லை "மூன்றாவது" என்பதன் முன் வைத்தால் இரண்டரை என்று பொருள்: இரண்டு முழுசு, மூன்றாவது பாதி. மணிக்கு மட்டுமல்ல, எண்ணக்கூடிய எதற்கும் அப்படித்தான் சொன்னார்கள். ஐஸ்லாந்தில் இன்றும் மணி சொல்வது இப்படித்தான். ஜெர்மன் மொழியிலும் இதே கணக்கு. வேறு குடும்பத்தைச் சேர்ந்த ஃபின்னிஷ் மொழியிலும் இதுவே.

அரையைச் சுற்றியுள்ள நிமிடங்கள் அடுத்த கண்ணி. நோர்வேயில் 14.25 என்பது "ஃபெம் போ ஹல் த்ரே": இரண்டரைக்கு ஐந்து நிமிடம் இருக்க. 14.35 என்பது "ஃபெம் ஓவர் ஹல் த்ரே": இரண்டரை கடந்து ஐந்து. 'போ' என்ற சொல்லுக்கு அகராதியில் "மேல்" என்றுதான் முதலில் கிடைக்கும். அதனால் பலர் அதைக் கடந்த நேரமாக எடுத்துக்கொண்டு பத்து நிமிடம் பிந்துகிறார்கள். மணியில் 'போ' வந்தால் இன்னும் ஆகவில்லை என்று அர்த்தம். சுவீடனிலும் டென்மார்க்கிலும் 'போ' இருக்கும் இடத்தில் 'ஈ' வரும். கால் மணிக்கு மூன்று நாட்டிலும் "க்வார்ட்" உண்டு, அது நமக்குச் சுலபம். "க்வார்ட் ஓவர் தூ" இரண்டேகால், "க்வார்ட் போ த்ரே" இரண்டே முக்கால்.

தொலைபேசியில் நேரம் வாங்கும்போது, சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்லிப் பயனில்லை. "ஹல் த்ரே" என்று நீங்களும் சொன்னால் அவர் "யா" என்பார். இருவர் மனதிலும் இரு நேரம் இருக்கும். இருபத்துநான்கு மணிக் கணக்கில் திருப்பிக் கேளுங்கள்: "ஃபியூர்டன் த்ரெட்டி?" அதாவது 14.30. கடிதங்களிலும் குறுஞ்செய்திகளிலும் நேரம் இலக்கத்தில்தான் வரும், அதை நம்பலாம். நோர்வேயில் வைத்தியரிடம் வாங்கும் நேரத்துக்கும், ஒரு மணித்தியாலத்துக்கும் "தீமெ" என்ற ஒரே சொல்தான். எனவே "தீமெ ஹல் த்ரே" என்பதில் எத்தனை மணித்தியாலம் என்று தேடவேண்டாம். 24 மணித்தியாலத்துக்கு முன் அறிவிக்காமல் வராமல் விட்டால் குடும்ப வைத்தியரும் மருத்துவமனை வெளிநோயாளர் பிரிவும் கட்டணம் அறவிடலாம். மொழி விளங்கவில்லை என்பதை ஏற்றுக்கொள்வார்கள் என்று எண்ணியிருக்காதீர்கள்.

எதிர்ப்பக்கமும் பிழைக்கும். மூன்றரை என்று நினைத்து நோர்வே அயலவரை "ஹல் த்ரே"க்குச் சாப்பிட அழைத்தால், நீங்கள் வெங்காயம் வெட்டிக்கொண்டிருக்கும்போது அவர்கள் வாசலில் நிற்பார்கள். சொன்ன நேரத்துக்கு வருவதுதான் இங்கே மரியாதை.

மணியை விட்டு வெளியே "ஹலானன்" என்று ஒரு சொல் நோர்வேயிலும் டென்மார்க்கிலும் வாழ்கிறது. இரண்டாவது பாதி, அதாவது ஒன்றரை. ஒப்பந்தத்தில் ஒன்றரை ஆண்டு என்று இந்தச் சொல்லால் எழுதியிருந்தால் காலம் பதினெட்டு மாதம். முன்பாதியை மட்டும் பார்த்து ஆறு மாதம் என்று கையெழுத்திட்டால் வில்லங்கம். சுவீடனில் இன்று "ஒன்றும் ஒரு அரையும்" என்று பிரித்தே சொல்வார்கள்.

டென்மார்க்கில்தான் சங்கதி முற்றுகிறது. ஐம்பதுக்கு அங்கே "ஹல்த்ரேஸ்". முழு வடிவத்தை உடைத்தால்: மூன்றாவது பாதி, அதாவது இரண்டரை, அதன்பின் 'முறை' என்ற சொல், பிறகு இருபது. இரண்டரை முறை இருபது ஐம்பது. அதே முறையில் "த்ரேஸ்" மூன்று இருபது, 60. "ஹல்ஃபியேர்ஸ்" மூன்றரை இருபது, 70. "ஃபீர்ஸ்" 80, "ஹல்ஃபெம்ஸ்" 90. த்ரேஸ் அறுபது என்றால் ஹல்த்ரேஸ் அதன் பாதி முப்பதாக்கும் என்று கணிப்பவர்கள் கடையில் காசு குறைத்து நீட்டுவார்கள். "ஹல் த்ரே" இரண்டரை மணி, "ஹல்த்ரேஸ்" ஐம்பது. ஒரு 'ஸ்' தான் வேறுபாடு. இந்த ஐந்து எண்ணையும் கணக்குப் போட்டு அடையப் பார்க்காமல் மனப்பாடம் செய்துவிடுவதே நல்லது. டென்மார்க்காரரிலும் பலருக்கு உள்ளே இருக்கும் பெருக்கல் தெரியாது.

அதோடு ஒற்றை இலக்கம் முன்னால் வரும். 75 என்பது "ஃபெம்-ஓ-ஹல்ஃபியேர்ஸ்", ஐந்தும் எழுபதும். டென்மார்க் தொலைபேசி எண்ணில் எட்டு இலக்கம். அதை இரண்டிரண்டாகச் சொல்வார்கள். கேட்ட வரிசையில் எழுதினால் 75 உங்கள் தாளில் 57 ஆகிவிடும். முதல் இடத்தை வெறுமையாக விட்டு, கேட்ட ஒற்றை இலக்கத்தை இரண்டாம் இடத்தில் எழுதி, பிறகு முன்னால் நிரப்புங்கள். பத்து இலக்கமுள்ள உங்கள் சிபிஆர் எண்ணை (டென்மார்க்கில் ஒவ்வொருவருக்கும் உள்ள ஆள் பதிவு எண்) நீங்கள் சொல்லும்போது ஒவ்வொரு இலக்கமாகச் சொல்லலாம், யாரும் குறைநினைக்க மாட்டார்கள். மற்றவரிடம் அப்படிக் கேட்க: "எட் தல் அ கங்ஙென்."

நோர்வேயிலும் முன்பு ஒற்றை இலக்கம் முதலில்தான் வந்தது. தொலைபேசித் துறை கேட்டுக்கொண்டதன் பேரில் 1951 ஜூலை 1 முதல் பள்ளியிலும் வானொலியிலும் வரிசையை மாற்றினார்கள். ஆனால் முதியவர்கள் மாறவில்லை, இளையவரிலும் சிலர் பழைய முறையில்தான் சொல்கிறார்கள். முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்பவர்கள் இரண்டு வரிசைக்கும் காதைப் பழக்கவேண்டும். மருந்தின் அளவு, அறை இலக்கம் என்றால் எழுதிக் காட்டி உறுதிப்படுத்துங்கள்.

நோர்வேச் செய்திகளில் யாழ்ப்பாணக் குடாநாட்டை "யஃப்னா-ஹல்ஓய்யா" என்று கேட்டால் திகைக்கவேண்டாம். ஓய் என்றால் தீவு. பாதித் தீவு என்பதுதான் அவர்களுக்குக் குடாநாடு. அதில் மட்டும் எதையும் கழிக்கத் தேவையில்லை.