டம்ளரில் நிமிர்ந்து நிற்கும் பிரஷ்கள்

மணப்பெண் அலங்காரம் கற்றுக்கொள்ள என்னிடம் வரும் பெண்களில் ஒருத்தி, போன வாரம் நான் சொல்லாமலேயே என் பிரஷ்களையெல்லாம் கழுவி வைத்திருந்தாள். ஜன்னல் திண்டில் ஓர் எவர்சில்வர் டம்ளர். அதற்குள் பதினைந்து பிரஷ்கள், ஈரமுடி மேலே, கைப்பிடி கீழே. அரிசி டம்ளரில் குத்தி வைத்த ஊதுபத்திகள் போல வரிசையாக நின்றன.

"நன்றாகக் கழுவிவிட்டேன், அக்கா" என்றாள். பாராட்டை எதிர்பார்த்து நின்றவளுக்குப் பதில் சொல்லாமல், டம்ளரை அப்படியே துண்டின் மேல் கவிழ்த்தேன். அவள் முகம் சுருங்கிவிட்டது. பாவம், திட்டியிருக்க வேண்டியது அவளை அல்ல. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய என்னைத்தான்.

பிரஷ்களைக் கழுவாமலே வைத்திருப்பது, ஒருவருடையதை இன்னொருவருக்குக் கொடுப்பது போன்றவற்றைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. அவை தவறு என்று எல்லோருக்கும் தெரியும். அக்கறையோடு கழுவுகிறவர்கள் செய்யும் தவறுகள்தான் எனக்கு எரிச்சலூட்டுகின்றன.

ஈரத்தோடு நிமிர்த்தி வைப்பது

உலக்கை நுனியில் பூண் போட்டிருப்பார்களே, அதுபோல ஒவ்வொரு மேக்கப் பிரஷுக்கும் கழுத்தில் ஓர் உலோகப் பூண் உண்டு. பெரும்பாலும் அலுமினியம், சிலவற்றில் பித்தளை. முடிக்கற்றையின் அடிப்பகுதி அதற்குள் பசையால் ஒட்டப்பட்டிருக்கும். மறுபக்கத்தில் மரக் கைப்பிடியை இறுக்கி நுழைத்திருப்பார்கள். பிரஷின் உயிர் இருப்பது அந்தப் பூணுக்குள்தான்.

ஈரப் பிரஷை நிமிர்த்தி வைத்தால் தண்ணீர் முடி வழியே கீழிறங்கிப் பூணுக்குள் போய்த் தங்கிவிடும். வெளியே முடி காய்ந்து புசுபுசுவென்று இருக்கும். உள்ளே ஈரம் நாள்கணக்கில் கிடக்கும். பசை கொஞ்சம் கொஞ்சமாக இளகும். மரம் தண்ணீரைக் குடித்து உப்பும், காய்ந்ததும் சுருங்கும். வாரம் ஒரு முறை இப்படி உப்பிச் சுருங்கினால் எந்த மரம் தாங்கும்? முதலில் பூணுக்குக் கீழே வார்னிஷில் மெல்லிய வெடிப்பு தெரியும். அடுத்து பூண் லேசாக ஆடும். பிறகு முடி ஒன்றிரண்டாக இல்லாமல் கற்றையாக உதிரும்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பொள்ளாச்சிப் பக்கம் ஒரு மண்டபத்தில் ஆவணி முகூர்த்தம். அதிகாலை இரண்டரை மணிக்கே பெண்ணை உட்கார வைத்துவிட்டேன். முகத்தில் பூசிய ஃபவுண்டேஷன் இன்னும் ஈரமாக இருக்க, பவுடர் போடப் பெரிய ஆட்டுமுடிப் பிரஷை எடுத்துக் கன்னத்தில் ஒரு சுற்றுதான் சுற்றினேன். கைப்பிடி என் கையில் நின்றது. தலை பெண்ணின் மடியில் விழுந்தது. உதிர்ந்த முடிகள் கன்னம் முழுக்க ஒட்டிக்கொண்டன. ஒவ்வொன்றாக இடுக்கியால் பிடுங்கி, ஒரு பக்கக் கன்னத்தை முழுக்கத் துடைத்து, மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினேன். பெண்ணின் அத்தை பக்கத்திலேயே நின்றுகொண்டு, "பிரஷுக்கும் இன்றைக்கு மொட்டையா, அம்மா?" என்று கேட்டார். அறையே சிரித்தது. எனக்கு மட்டும் வியர்த்தது.

அந்த மாதத்துக்குள் அதே செட்டில் இன்னும் எட்டுப் பிரஷ்கள் போயின. பதினோராயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய செட் அது. அப்போது ஒரு மணப்பெண்ணுக்கு நான் வாங்கிய கூலியே நாலாயிரம். மட்டமான சரக்கைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று கடைக்குச் சண்டைக்குப் போனேன். கடைக்காரர் ஒன்றும் பேசவில்லை. ஒரு பூணைக் கழற்றி உள்ளே காட்டினார். மரத்தின் நுனி கறுத்துப் பூஞ்சை பிடித்திருந்தது. "எப்படிக் காய வைக்கிறீர்கள்?" என்று மட்டும் கேட்டார்.

கழுவும்போதே பிரஷின் தலை கீழ்நோக்கி இருக்கட்டும். முடியின் பாதிக்கு மேல் தண்ணீர் ஏற வேண்டாம். கிண்ணத்தில் ஊறப்போடவே வேண்டாம். கழுவியதும் துண்டில் ஒற்றி, விரலால் பழைய வடிவத்துக்குக் கொண்டுவந்து, மேசை விளிம்பில் படுக்க வைத்து முடிப்பகுதியை மட்டும் வெளியே நீட்டிவிடுங்கள். கைப்பிடி முனைக்கு அடியில் ஒரு துண்டை மடித்து வைத்தால் தலை சற்றுத் தாழ்ந்திருக்கும். துணி ஹேங்கரில் ரப்பர் பேண்டால் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டாலும் சரி. பருத்த பவுடர் பிரஷ் காய ஓர் இரவு போதாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மின்விசிறிக்கு அடியில் இரண்டு நாள்கூட ஆகும். முழுக்கக் காய்ந்த பிறகு டம்ளரில் எப்படி வேண்டுமானாலும் நிற்கட்டும். விளம்பரப் படங்களில் கண்ணாடிக் குவளையில் அழகாக நிற்பவை காய்ந்த பிரஷ்கள். அதைப் பார்த்து ஈரப் பிரஷை நிறுத்துகிறவர்களை எண்ணினால் எனக்கு இன்றும் ஆற்றாமையாக இருக்கிறது.

உப்புத் தண்ணீரில் சோப்பு

கோயம்புத்தூரில் சிறுவாணித் தண்ணீர் வரும் வீட்டிலிருந்து ஆழ்துளைக் கிணற்று வீட்டுக்குக் குடிபோன பிறகுதான் இது எனக்கு உறைத்தது. கடினநீரில் உள்ள கால்சியத்தோடு சோப்பு சேர்ந்தால் கரையாத வெள்ளைப் படிவு உண்டாகும். வாளி விளிம்பில் ஒட்டுகிற அதே படிவுதான் முடியிலும் ஒட்டும். பிரஷ் விறைத்துக்கொள்ளும், கன்னத்தில் கீறும். குளியல் சோப்புக் கட்டியை விட்டுவிட்டு, மென்மையான ஷாம்புவில் கழுவி, கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு சொம்பு நல்ல தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள்.

வெந்நீர், ஹேர் டிரையர்

வேண்டாம். பசை இளகும், இழை சுருளும்.

சீயக்காய்

தலைக்கு நல்லது. பிரஷின் அடியில் சிக்கிய தூளை எடுக்க உங்களால் முடியாது.

எண்ணெயோடு நிறுத்திவிடுவது

நீரில் கரையாத ஃபவுண்டேஷனையும் ஜெல் ஐலைனரையும் தேங்காய் எண்ணெய் நன்றாகக் கரைக்கும். ஆனால் அது பாதி வேலைதான். எண்ணெயை எடுக்க அதன்பின் இரண்டு முறை ஷாம்பு போட வேண்டும். அரைகுறையாக அலசிய பிரஷில் பவுடரைத் தொட்டால் முகத்தில் திட்டுத் திட்டாக விழும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரி வாக்கில் உறையக்கூடியது என்பதால், மார்கழி விடியலில் முடியின் அடியில் மெழுகு போலவே உட்கார்ந்துவிடும். செயற்கை இழைப் பிரஷுக்கு மட்டும் இந்த வைத்தியம். ஆட்டுமுடிப் பிரஷுக்குப் பவுடரைத் தவிர வேறெதையும் காட்டாமலிருந்தால் எண்ணெய்க்கு வேலையே இல்லை.

ஸ்பிரிட் தெளித்தால் போதும் என்ற நினைப்பு

ஒரு பெண்ணுக்கும் அடுத்த பெண்ணுக்கும் இடையில் ஐசோபுரொபைல் ஆல்கஹால் தெளிப்பது சரிதான். ஆனால் அழுக்கின் மேல் தெளித்தால் மருந்து கிருமியைத் தொடாது. முதலில் ஒட்டிய மேக்கப்பைத் துணியில் தேய்த்து எடுங்கள். 99 சதவீதம் வாங்கினால் வேகமாக வேலை செய்யும் என்று பலர் கூடுதல் காசு கொடுக்கிறார்கள். அது கண்மூடித் திறப்பதற்குள் ஆவியாகிவிடும். 70 சதவீதத்தில் இருக்கும் தண்ணீர்தான் கிருமியின் புரதத்தைச் சிதைக்கத் துணை நிற்கிறது, ஈரமும் சற்று நேரம் நிற்கும்.

மெட்ராஸ் ஐ பரவும் நாட்களில் இதையும் நம்பாதீர்கள். அதற்குப் பெரும்பாலும் காரணமான அடினோ வைரஸ் இந்த ஆல்கஹாலுக்கு எளிதில் மசியாது. கண்ணுக்கு ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிரஷ்தான். சொந்த உபயோகத்துக்கு மட்டும் என்றால், 7 முதல் 10 நாளுக்கு ஒரு முறை கழுவச் சொல்கிறது அமெரிக்கத் தோல் மருத்துவ அகாதெமி.

ஈர ஸ்பாஞ்சைப் பையில் போட்டு மூடுவது

2019-இல் பர்மிங்காமின் ஆஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பயன்படுத்திய மேக்கப் பொருட்களைச் சோதித்தபோது, ஃபவுண்டேஷன் பூசும் ஸ்பாஞ்சுகளில் 93 சதவீதம் ஒருமுறைகூடக் கழுவப்படாதவை. எங்கள் வகுப்பில் கணக்கெடுக்க எனக்குத் துணிச்சல் இல்லை. அதற்குப் பதிலாக, முதல் நாளே என் பழைய ஸ்பாஞ்ச் ஒன்றைக் கத்தரியால் இரண்டாக வெட்டி, ஈரம் காயாமல் நடுவில் பிடித்திருக்கும் கறுப்புப் பூஞ்சைப் புள்ளிகளைக் காட்டுவேன். டம்ளரில் பிரஷ் வைத்த அதே பெண், அன்று மாலையே தன்னுடையதைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டாள்.