டிராகன் மனிதனானதும் சட்டைக்கு எங்கே போவான்? உருமாறும் டிராகன் காதல் கதைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாயகன் டிராகனாக மாறுகிறான். தேம்ஸ் நதிக்கு மேலே பறந்துபோய் வில்லனின் கப்பலைக் கொளுத்துகிறான். திரும்பிவந்து மாளிகைத் தோட்டத்தில் இறங்கி மனிதனாகிறான். அடுத்த வரியில் நாயகியின் கையைப் பிடித்தபடி நடன அரங்குக்குள் நுழைகிறான். எல்லாம் சரி, அவன் சட்டை எங்கே?

கிண்டலுக்குக் கேட்கவில்லை. கதை 1815-ல் நடக்கிறது என்று வையுங்கள். அந்தக் காலத்து லண்டன் கனவான் ஒருவன் உடுத்திக்கொள்வது லேசுப்பட்ட வேலை இல்லை. கஞ்சி போட்ட நீளமான மெல்லிய துணியைக் கழுத்தில் சுற்றி, மடிப்புக் கலையாமல் கட்ட வேண்டும். அதற்கு கிராவட் என்று பெயர். ஒரு மடிப்பு பிசகினாலும் அவிழ்த்து எறிந்துவிட்டுப் புதுத் துணியில் ஆரம்பிப்பார்கள். உடம்போடு ஒட்டிய கோட்டை மாட்டிவிட ‘வேலட்’ என்ற அந்தரங்க வேலைக்காரன் வேண்டும். ஆக, நம் டிராகன் நாயகன் புதர் மறைவில் வெறும் உடம்போடு நிற்கிறான்; பக்கத்தில் ஒருவன் விளக்கும் உடுப்புமாகக் காத்திருக்கிறான். அவனுக்கு ரகசியம் தெரியும். எவ்வளவு நாளாகத் தெரியும்? ஏன் வாயைத் திறக்கவில்லை? சம்பளமா, விசுவாசமா, பயமா?

பாருங்கள், ஒரு சட்டையைத் தேடப் போனால் ஒரு பாத்திரம் கிடைத்துவிட்டது. இந்த வகைக் கதைகளில் நான் பார்க்கும் பெரிய தவறு இதுதான்: டிராகன் வந்ததும் சரித்திரம் வெளியே போய்விடுகிறது. நடன அரங்கு, குதிரை வண்டி, மெழுகுவர்த்தி எல்லாம் முதல் மூன்று அத்தியாயத்தில் வரும். சிறகு முளைத்த பிறகு அந்த நூற்றாண்டையே காணோம். ஒரு பெரிய மாளிகையில் காலையில் கணப்புச் சாம்பலை அள்ளுகிறவள், வெந்நீர் சுமக்கிறவள், படுக்கை விரிப்பைத் துவைக்கிறவள் என்று எத்தனை ஜோடிக் கண்கள்! கருகிய விரிப்பையும் குளியல் தொட்டியின் அடியில் கிடக்கும் செதிலையும் அவர்கள் பார்க்கவே மாட்டார்களா? நாயகிக்கு உண்மை தெரியவரும் முன்பே அடுக்களைக்குத் தெரிந்திருக்கும். அதுதான் இயல்பு.

அடுத்தது, எந்த டிராகன் என்று முடிவு செய்யாமலேயே எழுத உட்காருவது. தமிழில் இந்தக் குழப்பம் சொல்லிலேயே இருக்கிறது. பைபிள் மொழிபெயர்ப்பு ‘வலுசர்ப்பம்’ என்றது. சிலர் பறக்கும் நாகம் என்கிறார்கள், சிலர் யாளி என்றே எழுதிவிடுகிறார்கள். யாளிக்குச் சிங்க முகம்; அது வேறு பிறவி. டிராகன் என்றே எழுதிவிடுவது உத்தமம். ஆனால் அந்த ஒரே சொல்லுக்குள்ளும் பல குடும்பங்கள் உண்டு. வட ஐரோப்பியக் கதைகளில் வரும் ஃபாஃப்னிர், தங்கத்துக்காகத் தகப்பனையே கொன்று, அந்தப் புதையல்மேல் படுத்துப் படுத்து டிராகனாகிப்போனவன். அங்கே உருமாற்றம் பேராசையின் விளைவு. சீனக் கதைகளில் டிராகன் நீரின் அதிபதி, மழைக்குப் பொறுப்பாளி. தாங் வம்சக் காலக் கதை ஒன்றில், புகுந்த வீட்டில் கொடுமைப்படும் டிராகன் அரசனின் மகள், லியூ யீ என்ற மாணவனிடம் கடிதம் கொடுத்து ஏரிக்கடியில் இருக்கும் தன் தகப்பன் அரண்மனைக்கு அனுப்புகிறாள். கடைசியில் அவனையே மணக்கிறாள். பல்கேரியப் பாட்டுகளில் வரும் ஸ்மேய், பெண்ணின்மேல் காதல் கொள்ளும் டிராகன். அவன் பார்வை பட்டவள் வெளிறி வாடிப்போவாள். சீன டிராகனை லண்டனுக்குக் கொண்டுவரலாம், தப்பே இல்லை. ஆனால் அதன் வாயில் தீயைத் திணித்து, காலடியில் தங்கக் குவியலையும் போட்டால், ஐரோப்பிய டிராகனுக்கு வேறு சாயம் பூசியது போலத்தான் இருக்கும்.

இந்த வகையின் கொள்ளுப்பாட்டி என்று நான் நினைப்பது மெலுசினை. 14-ம் நூற்றாண்டின் கடைசியில் பிரெஞ்சில் ஜான் தராஸ் எழுதிவைத்த கதை. சனிக்கிழமைகளில் தன்னைப் பார்க்கக் கூடாது என்ற நிபந்தனையோடு ரேமோண்டனை மணக்கிறாள். லூசிஞான் கோட்டையைக் கட்டுகிறாள், வரிசையாகப் பிள்ளைகள் பெறுகிறாள். ஒரு சனிக்கிழமை அவன் கதவில் துளையிட்டு எட்டிப் பார்க்கிறான். தொட்டியில் குளிக்கிறாள், இடுப்புக்குக் கீழே பாம்பு வால்.

பெரும்பாலானோர் இந்தக் கதையை இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள், இங்கேதான் கோட்டையும் விடுகிறார்கள். அவன் பார்த்தது அவளுக்குத் தெரியும். ஆனாலும் தெரியாதது மாதிரி இருந்துவிடுகிறாள். பிறகொரு நாள், மகன் செய்த கொடுமையைக் கேட்டு ஆத்திரத்தில், ஊரார் முன்னால் அவளைப் ‘பாம்பே’ என்கிறான். அந்தச் சொல்லுக்குத்தான் அவள் ஜன்னல் வழியே பாய்ந்து, சிறகு முளைத்த சர்ப்பமாகக் கோட்டையைச் சுற்றிப் பறந்துபோகிறாள். பார்த்ததை மன்னித்தவள் சொன்னதை மன்னிக்கவில்லை. ‘ரகசியம் தெரிந்துவிட்டது, ஐயோ’ என்று இருபது பக்கம் நாயகி மயங்கிவிழுவதை எழுதுபவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். தெரிந்துகொண்டது ஒரு காட்சி. தெரிந்த பிறகும் ஒரே மேஜையில் சாப்பிடுவது, ஒரு சண்டையில் அந்த வார்த்தை வாயிலிருந்து விழுந்துவிடுவது, கதை அங்கே இருக்கிறது.

எடைக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் வாசகர்கள் தாராள மனசுக்காரர்கள். எழுபத்தைந்து கிலோ மனிதன் பத்து டன் டிராகனானால் மீதி எடை எங்கிருந்து வந்தது என்று சிலராவது கேட்கத்தான் செய்வார்கள். உடம்பின் நீளம் இரட்டித்தால் சிறகின் பரப்பு நான்கு மடங்காகும், எடையோ எட்டு மடங்காகிவிடும். பறந்த உயிர்களிலேயே மிகப் பெரியவற்றில் ஒன்றான, டைனோசர் காலத்துப் பறக்கும் ஊர்வனம் கெட்சல்கோட்லஸுக்குச் சிறகு விரிப்பு பத்து மீட்டர் அளவு. எடை இருநூறு கிலோவைக் கொஞ்சம் தாண்டும் என்றுதான் மதிப்பிடுகிறார்கள். மாயம் என்று ஒரே வார்த்தையில் கடந்துபோகலாம். ஆனால் அந்த மாயத்துக்கு ஒரு விலை வையுங்கள்: பசி, காய்ச்சல், இரண்டு நாள் தூக்கம், ஏதாவது ஒன்று. விலையில்லாத உருமாற்றம் மின்விசிறி சுவிட்ச் மாதிரி ஆகிவிடும்.

வானத்தையும் காலியாக நினைத்துவிடாதீர்கள். 1784-ல் லூனார்டி என்ற இத்தாலியர் லண்டன் கூட்டத்துக்கு முன்னால் பலூனில் ஏறிப் பறந்தாயிற்று. 1811-ன் பெரிய வால்நட்சத்திரம் மாதக்கணக்கில் வெறும் கண்ணுக்கே தெரிந்தது. அந்தக் காலத்து மக்கள் அண்ணாந்து பார்க்கிறவர்கள். வானத்தில் கறுப்பாக ஏதோ நகர்ந்தால் ஒருவன் பலூன் என்பான், இன்னொருவன் சகுனம் என்பான், மூன்றாமவன் பத்திரிகைக்கு எழுதிப் போடுவான். இன்னொரு சிக்கல் வேகம். லண்டனிலிருந்து எடின்பரோவுக்கு 600 கிலோமீட்டருக்கு மேல். தபால் வண்டியில் இரவும் பகலும் போனாலும் இரண்டு நாளுக்கு மேல் பிடிக்கும். செவ்வாய் இரவு லண்டனில் சீட்டாடியவன் புதன் காலை எடின்பரோவில் நின்றால், பார்த்த இரண்டு பேர் பின்னால் கடிதம் எழுதிக்கொள்ளும்போது மாட்டிக்கொள்வான். இதைப் பிழையாகவும் விடலாம், கதையின் முடிச்சாகவும் ஆக்கலாம்.

காலப்பிழையில் நானும் மாட்டியிருக்கிறேன். 1814-ல் நடக்கும் கதையில் என் நாயகன் தீக்குச்சியைக் கிழித்து மெழுகுவர்த்தி ஏற்றினான். உரசிப் பற்றவைக்கும் தீக்குச்சியை ஜான் வாக்கர் விற்க ஆரம்பித்ததே 1827-ல். அதற்கு முன் பெரும்பாலும் சிக்கிமுக்கிக் கல்லும் இரும்பும்தான். அதைவிட அவமானம், அவன் டிராகன்! மூச்சு விட்டாலே திரி பற்றிக்கொள்ளும். எனக்கே என் கதை மறந்துபோயிருந்தது. அதேபோல 1815-ல் எந்தப் பாத்திரமும் ‘டைனோசர் மாதிரி இருக்கிறான்’ என்று நினைக்க முடியாது. விஞ்ஞானி ரிச்சர்ட் ஓவன் அந்தச் சொல்லை அச்சில் கொண்டுவந்தது 1842-ல். ஆனால் மேரி ஆனிங் என்ற சிறுமியும் அவள் அண்ணனும் இங்கிலாந்தின் லைம் ரீஜிஸ் கடற்கரைப் பாறையில் ஒரு ராட்சதக் கடல் ஊர்வனத்தின் எலும்புக்கூட்டைக் கண்டெடுத்தது 1811-12-ல். இது என்ன பிராணி என்று அறிஞர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்த நேரம். தன் பாட்டனின் எலும்பைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்க்கும் டிராகன் கனவானை ஏன் யாரும் எழுதுவதில்லை? அப்புறம், உரையாடலில் ‘ஓகே’ வேண்டாம். அது அச்சேறியது 1839-ல், அதுவும் பாஸ்டனில்.

இப்போது தங்கத்துக்கு வருவோம். டிராகன் என்றால் புதையல். புதையல் என்றால் குகையில் பளபளக்கும் குவியல், அதன்மேல் ஒரு முத்தக் காட்சி, முடிந்தது. அட, 1797-லிருந்து 1821 வரை பேங்க் ஆஃப் இங்கிலாந்து தன் நோட்டுக்குத் தங்கம் கொடுப்பதையே நிறுத்திவைத்திருந்த காலம் அது! பிரான்ஸோடு போர், ஜனங்கள் கினி என்ற தங்கக் காசுகளைப் பதுக்கினார்கள், ஒரு பவுண்டு, இரண்டு பவுண்டுக்கெல்லாம் காகித நோட்டு வந்தது. கினியை முகமதிப்புக்கு மேலே விற்பதைக் குற்றமாக்கி 1811-ல் சட்டமே போட்டார்கள். பிரான்ஸோடு போரிட்ட தளபதி வெலிங்டனின் படைக்குக் கொடுப்பதற்கென்று 1813-ல் தனியாகக் கினி அச்சடிக்க வேண்டியிருந்தது. இப்படி நாடே தங்கத்துக்கு அலையும்போது ஒரு பிரபு அதன்மேல் படுத்துத் தூங்குகிறான் என்றால் அவன் வெறும் விசித்திரப் பிராணி இல்லை, தேசத்துரோகி. நாயகியின் அண்ணன் அதே படையில் சம்பளம் வராமல் கிடக்கிறான் என்று வைத்துப் பாருங்கள். இன்னொன்று, 1815-ல் யாரும் சாவரின் காசை நீட்ட முடியாது. நம் ‘சவரன்’ என்ற சொல்லுக்கு மூலமான அந்தக் காசு புழக்கத்துக்கு வந்தது 1817-ல்.

டிராகன் பெண்ணாக இருந்தால் இன்னும் சுவாரசியம். அன்றைய ஆங்கிலேயச் சட்டப்படி, கல்யாணமான நிமிஷமே மனைவியின் பணம், நகை, தங்கம் எல்லாம் கணவனுடையது. 1870, 1882 சட்டங்கள் வந்துதான் அது மாறியது. அதற்கு முன் ஒரே வழி, கல்யாணத்துக்கு முன்பே ஒப்பந்தம் எழுதிச் சொத்தை டிரஸ்டிகள் கையில் ஒப்படைப்பது. அந்தக் காட்சியை நினைத்துப் பாருங்கள். முந்நூறு வருஷமாக ஒரு காசைக்கூட யாரையும் தொடவிடாதவள் வக்கீல் அறையில் உட்கார்ந்திருக்கிறாள். வக்கீல் இறகுப் பேனாவை மையில் தோய்த்து, ‘பட்டியலைச் சொல்லுங்கள், அம்மணி’ என்கிறார். அவள் வாய் திறக்கவில்லை. கையுறைக்குள் நகம் நீள்கிறது. தன் தங்கம் தனக்கே இருக்க வேண்டுமானால் அதை முன்பின் தெரியாத இரண்டு ஆண்கள் பெயருக்கு எழுத வேண்டும். எதிரே உட்கார்ந்திருக்கும் காதலன் அதைப் படிக்காமலேயே கையெழுத்துப் போடுகிறான். இதைவிடப் பெரிய காதல் வசனம் அந்தக் கதைக்குத் தேவையா? இதை எழுதாமல் எத்தனை பேர் வாள்சண்டைக்குப் போய்விடுகிறார்கள்.

காதலில் நடக்கும் தவறு பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான்: பார்த்த நொடியே ‘இவள்தான் என் துணை’ என்று டிராகன் ரத்தம் சொல்லிவிடுவது. வாசகர்களுக்கு அது பிடிக்கும், மறுக்கவில்லை. எனக்கும் சில நேரம் பிடிக்கும். ஆனால் சரித்திரக் காதல் கதை ஓடுவதே தயக்கத்தில்தான்: ஒரே ஆளோடு எத்தனை முறை ஆடலாம், கடிதம் எழுதலாமா, துணைக்கு வந்த அத்தை எந்தப் பக்கம் பார்க்கிறாள். ரத்தம் முதல் அத்தியாயத்திலேயே தீர்ப்பு சொல்லிவிட்டால் அந்த அத்தைக்கு வேலையே இல்லை. அவன் ரத்தம் சொல்வது அவனோடு இருக்கட்டும். அவளை அது கட்டுப்படுத்தக் கூடாது. அவள் மாட்டேன் என்று சொன்னால் அவன் என்ன செய்வான் என்பதை எங்காவது ஓர் இடத்தில் காட்டியே ஆக வேண்டும். முந்நூறு வயது ஆணும் பதினெட்டு வயதுப் பெண்ணும் என்றால் இது இன்னும் கட்டாயம். ஆயுள் வித்தியாசத்தையும் கடைசிப் பக்கத்தில் மந்திரம் போட்டுத் தீர்க்காதீர்கள். ஜோடி சேர்ந்து வாழ்வார்கள் என்ற நம்பிக்கையில்தான் காதல் கதை வாசகர் கையில் எடுக்கிறார். மெலுசின் மாதிரி பறந்துபோனால் புத்தகமும் பறக்கும்.

கல்யாணத்தையும் ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள். 1753 திருமணச் சட்டத்துக்குப் பிறகு, உரிமம் வாங்காதவர்களின் பெயரை மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் உரக்கப் படிக்க வேண்டும். தடை தெரிந்தவர்கள் எழுந்து சொல்லலாம். பொய்ப் பெயரில் படித்தால் கல்யாணமே செல்லாமல் போகும் ஆபத்து உண்டு. முந்நூறு வருஷத்தில் நான்கைந்து பெயர் மாற்றியவன் எந்தப் பெயரைக் கொடுப்பான்? மூன்றாவது ஞாயிறு, பாதிரியார் படித்து முடித்துவிட்டுத் தலையைத் தூக்குகிறார். முன் வரிசையில் நாயகி கையுறையைக் கசக்குகிறாள். கடைசி வரிசையில், பத்து வருஷமாகப் புதர் ஓரத்தில் விளக்கும் உடுப்புமாகக் காத்திருந்த அந்த வேலட், தொண்டையைச் செருமுகிறான்.