தேன்பெட்டி வாசலில் பூச்சிமருந்தின் அறிகுறியைக் கண்டுபிடிப்பது எப்படி

மருந்தடித்த மறுநாள் பெட்டி வாசலில் தேனீக்கள் குவியலாகச் செத்துக் கிடந்தால் யாருக்கும் விஷயம் புரிந்துவிடும். என்னைக் கவலைப்பட வைப்பது, ஒரு பிணம்கூடக் கண்ணில் படாமல் நாளுக்கு நாள் மெலிந்துகொண்டே போகும் பெட்டிதான். கொல்லாத அளவு மருந்து பட்ட தேனீக்களில் பல வெளியிலேயே வழி தவறித் தொலைந்துவிடும். அதனால் உயிரோடு இருப்பவற்றைத்தான் கவனிக்க வேண்டும்.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். தேனீயின் மூளையில் ஒரு நரம்பு அடுத்த நரம்புக்குச் சேதி அனுப்புவது பெரும்பாலும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் வழியாக. சேதி சேர்ந்ததும் ஒரு நொதி அதை உடைத்துவிடும். இமிடாகுளோபிரிட், தயாமெத்தாக்சாம் போன்ற நியோநிகோட்டினாய்டு வகைப் பூச்சிமருந்துகள் நரம்பில் அசிட்டைல்கோலின் வந்து ஒட்ட வேண்டிய இடமான ஏற்பியில் போய் உட்கார்ந்துகொள்கின்றன; அந்த நொதியால் இவற்றை உடைக்க முடியாது. அழைப்புமணியை அழுத்தியவர் விரலை எடுக்காமல் நிற்பது மாதிரி. அளவு கூடினால் நடுக்கம், முடக்கம், சாவு. குறைந்த அளவில், மணத்தையும் வழியையும் கற்றுக்கொள்ளும் திறன் குழம்புகிறது. 2012இல் பிரான்ஸில் தேனீக்களின் முதுகில் சின்னஞ்சிறு ரேடியோ சில்லுகளை ஒட்டி, கொல்லாத அளவு தயாமெத்தாக்சாம் கொடுத்துப் பறக்கவிட்டார்கள். மருந்து குடிக்காதவற்றைவிட இவற்றில் கூடுதலானவை கூடு திரும்பவில்லை.

ஆகவே, திரும்பி வருபவற்றை எண்ணுங்கள். வெயில் நன்றாக இருக்கும் காற்றில்லாத நாளில், பறக்கும் பாதையை மறிக்காமல் பக்கவாட்டில் உட்காருங்கள். ஒரு நிமிடத்தில் எத்தனை இறங்குகின்றன, அவற்றில் எத்தனை காலில் மகரந்த உருண்டையோடு வருகின்றன என்று குறியுங்கள். சில தடவை எண்ணிச் சராசரி எடுப்பது நல்லது. தினமும் அதே நேரம், பக்கத்துப் பெட்டியிலும் அதே மாதிரி. ஒற்றை எண்ணுக்கு மதிப்பே இல்லை. நோட்டில் சேர்ந்த எண்கள்தான் பேசும். பெட்டி நிறைய இளம் புழுக்கள் இருந்தும் வரவு சரிந்துகொண்டே போனால் சந்தேகப்படலாம்.

அப்புறம் இறங்குபலகையைக் கிட்டத்தில் பாருங்கள். நல்ல தேனீ இறங்கியதும் நேரே உள்ளே நடந்துவிடும். மருந்து பட்டது வாசலுக்கு முன்பே விழும், பக்கவாட்டில் நடக்கும், முன்கால்களால் முகத்தையும் உணர்கொம்பையும் விடாமல் துடைத்துக்கொண்டே நிற்கும். அதை ஒரு காகிதத்தில் ஏற்றி, மெல்ல மல்லாக்கத் தள்ளுங்கள். நலமாக இருப்பது சட்டென்று புரண்டு எழும். பாதிக்கப்பட்டது கால்களை உதறிக்கொண்டு அதே இடத்தில் சுற்றும். சிலது நாக்கை நீட்டியபடியே கிடக்கும்.

ஆனால் இதை மட்டும் வைத்து யாரிடமும் சண்டைக்குப் போகாதீர்கள். குளிரில் விறைத்த தேனீயும் தடுமாறும். உள்ளங்கைச் சூட்டில் வைத்தால் பறந்துவிடும். முடி உதிர்ந்து, கறுத்துப் பளபளவென்று நடுங்கினால் அது வைரஸ் வாதமாக இருக்கலாம். இறக்கை ஓரம் கிழிந்திருந்தால் வயதாகிவிட்டது, அவ்வளவுதான். சந்தேகம் வலுத்தால், தடுமாறுபவற்றையும் புதிதாகச் செத்தவற்றையும் சேகரித்து உடனே உறையவையுங்கள். வெயிலில் கிடந்த உடலில் மருந்து சிதைந்துபோயிருக்கும். பரிசோதனைக்கூடத்தாலும் ஒன்றும் சொல்ல முடியாது.

மருந்தடிப்பவரிடம் அந்தி சாய்ந்தபின் அடிக்கச் சொல்வது நல்லதுதான். வரப்பில் பூத்திருக்கும் களைகளை முந்தைய நாளே வெட்டச் சொல்லுங்கள். ஆனால் நியோநிகோட்டினாய்டு செடிக்குள் ஊடுருவி, தேனிலும் மகரந்தத்திலும் வரும். விதையில் பூசிய மருந்துக்கு ராத்திரி ஏது, பகல் ஏது? அங்கே பூக்கும் காலம் முழுக்கப் பெட்டியை நகர்த்திவைப்பதுதான் வழி. அந்த வயல் மகரந்தம் நிறைந்த அடைகளையும் எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பிறகும் புழுக்களுக்கு அதுவே தீனியாகப் போகும்.

டேங்கில் கூடவே என்ன கலந்தார்கள் என்றும் கேட்டு எழுதிவையுங்கள். புரோபிகோனசோல் மாதிரியான பூஞ்சைக்கொல்லிகள் தேனீயின் உடலில் நஞ்சை முறிக்கும் நொதிகளையே தடுக்கின்றன. தனியாகத் தாங்கிக்கொண்டிருக்கும் சில பூச்சிமருந்துகளை அந்தக் கலவையில் தேனீ தாங்காது.