தேவ சித்தம் தேடுகிறவர்கள் தடுக்கி விழும் இடங்கள்

ஒவ்வொரு ஜனவரியிலும் எங்கள் வாலிபர் ஐக்கியத்தில் யாராவது ஒருவர், டிசம்பர் 31 இரவு ஆராதனையில் குலுக்கலில் எடுத்த, வருஷத்துக்கான வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டையோடு வந்து நிற்பார். "அண்ணா, கர்த்தர் பேசிட்டார். வேலையை விடலாம்னு இருக்கேன்." அந்த வயதில் எங்கள் செட்டும் அப்படித்தான் அலைந்தது என்பதால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. ஜெபிக்காமல் முடிவெடுப்பது, பாவம் என்று தெரிந்தே இறங்குவது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. அவை தவறு என்று சண்டே ஸ்கூல் பிள்ளைக்கும் தெரியும். தேவ சித்தத்தை, அதாவது தங்கள் வாழ்க்கையில் கர்த்தர் விரும்புவதைத் தேடி நன்றாக ஜெபிக்கிறவர்கள் எங்கே விழுகிறார்கள் என்று மட்டும் பார்ப்போம்.

வசன அட்டையை உத்தரவாக எடுத்துக்கொள்வது

இதைப் பேச ஆரம்பித்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும். எங்கள் ஐக்கியத்துத் தம்பி ஒருவருக்கு அட்டையில் எரேமியா 29:11 வந்தது. "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்ற வசனம். இருந்த வேலையை விட்டார், அம்மாவின் நகையை அடகு வைத்தார், பஸ் போகும் சாலையில் ஒரு பேக்கரி திறந்தார். புறவழிச்சாலை வேலை முடியும் கட்டத்தில் இருந்தது. அது திறந்தால் வெளியூர் பஸ் எதுவும் ஊருக்குள் வராது. பக்கத்து டீக்கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். கேட்கவில்லை. "கர்த்தர் சொன்ன பிறகு மனுஷனிடம் கேட்பது அவிசுவாசம்" என்றார். கடை மூடியது, நகை ஏலத்துக்குப் போனது. அதைவிட எனக்கு வலிப்பது, அப்புறம் அவர் வேதத்தைத் திறப்பதையே விட்டுவிட்டார். கர்த்தர் ஏமாற்றிவிட்டார் என்று நினைக்கிறார்.

கர்த்தர் அவரிடம் என்ன சொன்னார்? அந்த வசனம், பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதத்தில் வருகிறது. அதற்கு முந்தைய வசனமே 70 வருஷம் ஆகும் என்கிறது. ஐந்தாம் வசனம், வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டங்களை நாட்டுங்கள் என்கிறது. முந்தின அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பி வந்துவிடும் என்று சொல்லியிருந்தான். அதை நம்பி மூட்டை கட்டக் காத்திருந்தவர்களைத்தான் எரேமியா, இருக்கிற இடத்தில் நிலையாக இருங்கள் என்று அமர்த்துகிறார். அதையே அட்டையில் படித்துவிட்டு நம் தம்பி வேலையை விட்டார்.

அட்டை மேல் எனக்குக் கோபம் கிடையாது. வருஷம் முழுக்க ஒரு வசனத்தைத் தியானிக்கலாம், நல்ல பழக்கம்தான். குலுக்கலில் வந்ததைக் கட்டளையாக்குவதுதான் வம்பு. பெரியவர்களும் இதில் சிக்கியிருக்கிறார்கள். 1737-இல் அமெரிக்காவின் சவான்னாவில் போதகராக இருந்த ஜான் வெஸ்லி (பின்னாளில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கியவர்), சோஃபி ஹாப்கி என்ற பெண்ணை மணப்பதா என்று மூன்று சீட்டு எழுதிப் போட்டார். இனி அதைப் பற்றி நினைக்காதே என்ற சீட்டு வந்தது. சீட்டு முடிவைச் சொன்னதே தவிர, அவர் மனதைத் தேற்றவில்லை. சோஃபி வேறொருவரை மணந்த பிறகு அவருக்குத் திருவிருந்து கொடுக்க மறுத்து, வழக்கில் மாட்டி, அந்த டிசம்பரிலேயே வெஸ்லி ஊரை விட்டுக் கிளம்பினார். பின்னாளில் அநாதை இல்லங்கள் நடத்திய ஜார்ஜ் முல்லர் இளம் வயதில், மிஷனரியாவதா என்று அறிய லாட்டரிச் சீட்டே வாங்கினார். சிறு தொகை விழுந்தது. உடனே விண்ணப்பித்தார், அப்பாவின் சம்மதம் இல்லை என்று மிஷன் சங்கம் சேர்க்கவில்லை. பிற்காலத்தில் அவர் வேறு வழியில் போனார். முதலில் தன் விருப்பத்தை ஓரம் வைப்பார், உணர்ச்சியை மட்டும் நம்பமாட்டார், வேதத்தைப் படிப்பார், சூழ்நிலையைக் கவனிப்பார், ஜெபிப்பார், அதன் பிறகே முடிவு.

யூதாஸின் இடத்துக்கு மத்தியாவைத் தெரிந்தெடுக்கச் சீட்டுப் போட்டார்களே என்று கேட்பார்கள். அது பரிசுத்த ஆவி இறங்கிய பெந்தெகொஸ்தே நாளுக்கு முன்பு. அப்புறம் யூதரல்லாத விசுவாசிகளுக்கு விருத்தசேதனம் வேண்டுமா என்ற பிரச்சினை வந்தபோது அப்போஸ்தலர் சீட்டு எழுதவில்லை. எருசலேமில் கூடி நிறைய வாதாடினார்கள். அதன் முடிவில்தான் "பரிசுத்த ஆவிக்கும் எங்களுக்கும் நலமாகக் கண்டது" என்று எழுதினார்கள். யாக்கோபு 1:5 ஞானத்தைக் கேட்கச் சொல்கிறது. நாம் ஞானம் வேண்டாம், விடை மட்டும் போதும் என்கிறோம். விடை வந்துவிட்டால் யோசிக்க வேண்டாமே!

சரி, விசாரித்தால் மட்டும் போதுமா? யோசுவா 9-ஐப் பாருங்கள். பக்கத்திலேயே குடியிருந்துகொண்டு, தூரதேசத்தார் போல நடித்து உடன்படிக்கை கேட்ட கிபியோனியர் காட்டிய பூசணம் பூத்த அப்பத்தை இஸ்ரவேலர் வாங்கிப் பார்த்தார்கள், கர்த்தரிடம் மட்டும் கேட்கவில்லை. ஏமாந்தார்கள்.

"கர்த்தர் சொன்னார்" என்று பேச்சை மூடுவது

திருமணப் பேச்சில் இது அதிகம். "இந்தப் பெண்தான்னு கர்த்தர் காட்டிட்டார்" என்று பையன் சொன்ன பிறகு, பெண் வீட்டார் எப்படி மறுபேச்சு பேசுவார்கள்? பெண்ணுக்கும் அவர் காட்ட வேண்டாமா? 1 இராஜாக்கள் 13-இல் ஒரு கிழத் தீர்க்கதரிசி, தேவதூதன் சொன்னான் என்று பொய் சொல்லி இன்னொரு தேவமனுஷனைச் சாப்பிட அழைத்தான். நம்பிப் போனவனை வழியில் சிங்கம் கொன்றது. தீர்க்கதரிசனம் சொன்னால் மற்றவர்கள் நிதானிக்க வேண்டும் என்று பவுலே எழுதியிருக்கிறார். நிதானிக்க இடம் கொடுக்காதவரின் தரிசனத்தை நான் நம்புவதில்லை, சொல்பவர் போதகராக இருந்தாலும்.

கிதியோனைப் போல அடையாளம் கேட்பது

மீதியானியரோடு போருக்குப் போகச் சொல்லி கிதியோனுக்குக் கர்த்தர் ஏற்கனவே சொல்லியாகிவிட்டது. பனி எதில் விழுகிறது என்று பார்க்க ஆட்டுத்தோலைக் களத்தில் போட்டது சந்தேகத்தில்.

பிடித்த பதிலைச் சொல்கிறவர்களிடமே ஆலோசனை கேட்பது

சாலொமோனின் மகன் ரெகொபெயாம் ராஜா இதைத்தான் செய்தான், முதியோர் சொன்னதைத் தள்ளி, கூட வளர்ந்த வாலிபர் சொன்னதைக் கேட்டான். இஸ்ரவேலின் பத்து கோத்திரம் அவன் கையை விட்டுப் போனது.

கஷ்டம் வந்ததும் "இது தேவ சித்தம் இல்லை" என்பது

வேலையில் சேர்ந்த முதல் மாதமே மேலாளர் சரியில்லை என்று திரும்பி வருகிறவர்களை அப்போஸ்தலர் 16-ஐ முழுதாகப் படிக்கச் சொல்வேன். மக்கெதோனியாவுக்கு வரச் சொல்லிப் பவுல் தரிசனம் கண்டார், உடனே கிளம்பினார். பிலிப்பியில் அடி வாங்கி, கால்கள் தொழுமரத்தில் மாட்டப்பட்டு, சிறையில் கிடந்தார். அதே ஊரில்தான் லீதியாள் என்ற வியாபாரியும் விசுவாசித்தாள், அந்தச் சிறைச்சாலைக்காரனும் குடும்பத்தோடு ஞானஸ்நானம் பெற்றான்.