கைக்குழந்தையோடு வெளிநாட்டில் பிஎச்.டி.யா? முதலில் விடுப்பு விதியைப் படியுங்கள்

சேர்க்கைக் கடிதம் வந்ததும் உதவித்தொகை எவ்வளவு என்றுதான் எல்லோரும் பார்ப்போம். குழந்தை இருந்தால், அல்லது வரப்போகிறதென்றால், கையோடு பெற்றோர் விடுப்பு விதியையும் தேடிப் படித்துவிடுங்கள். நாட்டுக்கு நாடு மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். சுவீடனில் ஒரு குழந்தைக்குப் பெற்றோர் இருவருக்கும் சேர்த்து 480 நாள் ஊதிய விடுப்பு. எடுத்த நாட்களுக்கு ஆய்வுப் பணியையும் நீட்டித்துத் தருவார்கள். பிரிட்டனில் யூ.கே.ஆர்.ஐ. (ஆய்வுகளுக்கு அரசுப் பணம் தரும் அமைப்பு) நிதியில் படிப்பவருக்கு 52 வார மகப்பேறு விடுப்பு, முதல் 26 வாரம் முழு உதவித்தொகையோடு. நெறியாளர் வாய்வார்த்தையாகச் சொன்னால் போதாது, மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் அன்றாடப் பாடு. குழந்தை தூங்கும் நாற்பது நிமிடத்தில் ‘எங்கே விட்டேன்’ என்று தேடவே இருபது போய்விடும். அதனால் கணினியை மூடும் முன் அடுத்து எழுத வேண்டியதைக் கடைசி வரியில் குறித்துவையுங்கள்: ‘அட்டவணை 3-க்கு விளக்கம், இரண்டு பத்தி.’ எவ்வளவு அசதியாக இருந்தாலும் அந்த வரியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடலாம்.

குழந்தைகள் காப்பகத்தில் மட்டும் விமானம் ஏறும் முன்பே பெயர் கொடுத்துவிடுங்கள். காத்திருப்போர் பட்டியல் பல ஊர்களில் மாதக்கணக்கில் நீளும்.