காவடி கட்டக் கற்றுத்தருமுன் பேசிக்கொள்ள வேண்டியவை

மொரீஷியஸ் ரோஸ்ஹில்லில், என் வீட்டுத் தாழ்வாரத்தில், தைப்பூசத்துக்கு முன் காவடி கட்டக் கற்றுத்தருகிறேன். நீங்களும் கற்றுத்தருவதானால் முதல் நாளே பேசிவிடுங்கள். கற்க வருபவர்களிடம் என் பேச்சு இதுதான்: மூங்கிலும் கயிறும் நான் தருவேன், கத்தியும் பூவும் உங்களுடையவை. தப்பாகக் கட்டியதை அவிழ்த்துக் காட்டுவேன், கட்டித்தர மாட்டேன். ஓராண்டு இதைச் சொல்ல மறந்து, பூசத்துக்கு முந்தைய இரவு 3 காவடிகளை நானே முடித்தேன். விரலெல்லாம் சிராய்.

தகராறு வருவது வளைவில்தான். பிளந்த மூங்கிலை ஊறவைத்து மெல்ல வளைக்க வேண்டும். அவசரப்பட்டால் கணுவில் ஒடியும். முதலில் ஒடிவது என் கணக்கு, அடுத்தது உங்கள் கணக்கு என்று அவர்களிடம் சொல்லிவிடுவேன். தேர்ச்சி எது என்பதையும் சொல்லிவிடுங்கள்: இருபுறமும் தண்ணீர்ச் செம்பைக் கட்டித் தோளில் ஏற்றி, முற்றத்தை ஒரு சுற்று வரவேண்டும். காவடி ஒருபக்கம் சாய்ந்தால் மறுபடியும் அவிழ்க்க வேண்டியதுதான்.